ஆட்டோபைலட் இப்போது எந்த மோடில் இருக்கிறது? – வாசகர் கேள்வி பதில்

விமானம் தரையிறங்க வரும் நேரத்தில் ஆட்டோபைலட் என்ன செய்கிறது என்று கேட்டு நீலகிரி வாசகர்கள் பலர் எழுதியிருக்கிறார்கள். ஒன்றுபோல் இருந்த கேள்விகளைச் சேர்த்து, இந்த முறை பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறோம். கோவைக்கு அதிகம் வந்துபோவது ஏர்பஸ் 320 குடும்ப விமானங்கள் என்பதால் உதாரணங்களும் பெரும்பாலும் அதிலிருந்தே.

கேள்வி (குன்னூர் வாசகி): சென்னையிலிருந்து கோவைக்கு வரும்போது, இறங்கத் தொடங்கியதும் இன்ஜின் சத்தம் கிட்டத்தட்ட நின்றே போகிறது. கொஞ்ச நேரம் கழித்துத் திடீரென்று உறுமுகிறது. பைலட் ஏதோ தவறு செய்துவிட்டுச் சரிசெய்கிறாரா?

பதில்: தவறு ஒன்றும் இல்லை. உயரத்திலிருந்து இறங்கும்போது இன்ஜின் ஐடிலில், அதாவது மிகக் குறைந்த விசையில் இருக்கும். விமானம் சறுக்கிக்கொண்டு வரும். ஏ.டி.சி. (தரையிலிருந்து விமானங்களை வழிநடத்தும் கட்டுப்பாட்டு நிலையம்) சொன்ன உயரம் வந்ததும் ஆட்டோபைலட் மூக்கை நிமிர்த்தி அந்த உயரத்தில் நிற்கிறது. அப்போது வேகம் விழாமலிருக்க இன்ஜின் விசை வேண்டும். முதல் உறுமல் அதுதான். பிறகு ஃபிளாப்பும் (இறக்கையின் பின்விளிம்பில் நீளும் மடிப்பு) சக்கரமும் வெளியே வரும்போது காற்றின் இழுவை கூடுவதால் இன்னொரு முறை. சத்தம் இப்படி மாறுகிற நேரங்களில் பல முறை காக்பிட்டில் ஒரு மோடு மாறியிருக்கும். நீங்கள் காதால் கேட்பதை பைலட் திரையில் படித்திருக்க வேண்டும்.

கேள்வி (ஊட்டி, பள்ளி ஆசிரியர்): ஆட்டோபைலட் என்றால் ஆன், ஆஃப் என்று இரண்டு நிலைதானே? இதில் 'மோடு' எங்கே வருகிறது?

பதில்: ஆன் செய்த ஆட்டோபைலட் எந்தக் கட்டளையைப் பின்பற்றிக்கொண்டிருக்கிறது என்பதுதான் மோடு. '5,000 அடியிலேயே நில்', 'நிமிடத்துக்கு 700 அடி வீதம் இறங்கு', 'ரேடியோ அலையைப் பிடித்து ஓடுபாதைக்குப் போ' இவை ஒவ்வொன்றும் தனித்தனி மோடு. மேல்-கீழ் அசைவுக்கு ஒன்று, இடம்-வலத்துக்கு ஒன்று, இன்ஜின் விசைக்கு ஒன்று என்று மூன்று மோடுகள் ஒரே நேரத்தில் ஓடிக்கொண்டிருக்கும். ஒன்று மாறினால் சில சமயம் இன்னொன்றும் தானாக மாறும்.

பைலட்டுக்கு நேர் எதிரே உள்ள முதன்மைத் திரையின் உச்சியில் ஒரு மெல்லிய பட்டை இருக்கிறது. அதன் பெயர் எஃப்.எம்.ஏ. ஏர்பஸ்ஸில் அது ஐந்து பத்திகளாகப் பிரிந்திருக்கும்: முதலில் இன்ஜின் விசை, அடுத்து மேல்-கீழ், மூன்றாவது இடம்-வலம், நான்காவது எந்தத் தரத்தில் தரையிறங்க முடியும் என்பது, கடைசியில் ஆட்டோபைலட்டும் அதன் துணைக் கருவிகளும் இயங்குகின்றனவா என்பது. பச்சை எழுத்து என்றால் இப்போது நடந்துகொண்டிருப்பது. நீலம் என்றால் தயாராகக் காத்திருப்பது. போயிங்கில் காத்திருப்பது வெள்ளையில் வரும். புதிதாக மாறிய மோடைச் சுற்றி 10 விநாடி ஒரு கட்டம் தெரியும். அதற்குள் பார்க்காவிட்டால் அது புதியது என்பதற்கான அடையாளமே போய்விடும்.

ஓடுபாதைக்கு ரேடியோ அலையால் வழிகாட்டும் ஐ.எல்.எஸ். கருவியைப் பிடித்து இறங்குவதை எடுத்துக்கொள்ளுங்கள். ஏ.டி.சி. அனுமதி தந்ததும் பைலட் அப்ரோச் பட்டனை அழுத்துகிறார். உடனே விமானம் எதுவும் செய்யாது. 'லோக்', 'ஜி/எஸ்' என்று இரண்டு சொற்கள் நீலத்தில் வரும், அவ்வளவுதான். லோக் என்பது ஓடுபாதையின் நடுக்கோட்டைக் காட்டும் லோக்கலைசர் அலை. ஜி/எஸ் என்பது பெரும்பாலும் 3 டிகிரி சரிவில் இறங்கும் கிளைடு ஸ்லோப் அலை. நடுக்கோட்டை நெருங்கியதும் லோக் பச்சையாகும், பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறியோடு. கோட்டில் நிலைத்ததும் நட்சத்திரம் மறையும். ஜி/எஸ் அதேபோல். தரையிலிருந்து 400 அடியில் இரண்டும் சேர்ந்து 'லேண்ட்' என்று ஒரே சொல்லாகும். பட்டனை அழுத்தியது ஒரு முறை. மோடு மாறியது ஐந்து முறை, அத்தனையும் தானாக.

பட்டனில் எரியும் விளக்கும் குமிழில் தெரியும் எண்ணும் பைலட் என்ன கேட்டார் என்பதைத்தான் சொல்லும். விமானம் எதை ஏற்றுக்கொண்டது என்பது எஃப்.எம்.ஏ.வில்தான் இருக்கிறது. கீழே நாம் பேசப்போகும் விபத்துகளில் பெரும்பாலானவை இந்த இரண்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளியில் நடந்தவை.

கேள்வி (கோத்தகிரி, டாக்ஸி ஓட்டுநர்): மேட்டுப்பாளையம் இறக்கத்தில் நாங்கள் இரண்டாவது கியரில் வண்டியைப் பிடித்து இறக்குவோம். விமானம் இறங்கும்போது வேகத்தைப் பிடித்து வைப்பது எது? இன்ஜினா, மூக்கா?

பதில்: வந்த கேள்விகளிலேயே இதுதான் எல்லாவற்றுக்கும் மையம். மோடைப் பொறுத்து இரண்டில் ஏதோ ஒன்று என்பதே பதில். கிளைடு ஸ்லோப்பிலோ வெர்டிகல் ஸ்பீடு (நிமிடத்துக்கு இத்தனை அடி இறங்கு என்ற) மோடிலோ மூக்கின் வேலை சரிவைப் பிடிப்பது. வேகத்தைப் பிடிப்பது இன்ஜின். எஃப்.எம்.ஏ.வின் முதல் பத்தியில் 'ஸ்பீடு' என்று இருக்கும். ஓபன் டிசென்ட் மோடில் இது தலைகீழ்: இன்ஜின் ஐடிலுக்குப் போய்விடும், மூக்கைத் தாழ்த்தியும் உயர்த்தியும் வேகம் பிடிக்கப்படும். போயிங்கில் எஃப்.எல்.சி.எச். என்ற மோடு இறங்கும்போது இதே வேலையைச் செய்கிறது. உயரத்தில் இது நல்ல மோடு. ஓடுபாதைக்கு அருகில் ஆபத்தானது. ஏனென்றால் பைலட் சரிவைச் சரிசெய்ய மூக்கைக் கொஞ்சம் தூக்கினால்கூட வேகம் விழும், அதை ஈடுகட்ட இன்ஜின் வராது. கியரில் இருப்பதாக நினைத்து நியூட்ரலில் இறக்கத்தில் விடுவது எப்படியோ அப்படி. இப்படி நடந்த இரண்டு விபத்துகளைப் பாருங்கள்.

பெங்களூர், 1990 பிப்ரவரி 14. பழைய எச்.ஏ.எல். நிலையத்தில் இறங்க வந்த இந்தியன் ஏர்லைன்ஸ் 605, ஏர்பஸ் 320. ஓடுபாதைக்கு முன்னாலிருந்த கோல்ஃப் மைதானத்தில் விழுந்து 146 பேரில் 92 பேர் இறந்தார்கள். கடைசிக் கட்டத்தில் விமானம் ஓபன் டிசென்ட் மோடில் இருந்தது. நிமிடத்துக்கு 700 அடி என்று வெர்டிகல் ஸ்பீடு குமிழில் வைக்க நினைத்து, உயரக் குமிழில் 700 அடி என்று வைத்திருக்கலாம் என்று விசாரணை கருதியது. பெங்களூர் ஓடுபாதையே கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 2,900 அடியில் இருக்கிறது. 700 அடி என்ற இலக்கு மண்ணுக்கு அடியில் இருப்பதால் 'உயரம் வந்துவிட்டது' என்று மோடு மாறவே வழியில்லை. 132 நாட் (ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல்) இருக்க வேண்டிய வேகம் 106 வரை இறங்கியது. ஐடிலில் இருக்கும் ஜெட் இன்ஜின் முழு விசைக்கு வர 5 முதல் 8 விநாடி ஆகும். அந்த நேரம் மிச்சமில்லை.

சான்பிரான்சிஸ்கோ, 2013 ஜூலை 6. ஏசியானா 214, போயிங் 777. அன்று அந்த ஓடுபாதையின் கிளைடு ஸ்லோப் வேலை செய்யவில்லை. கண்ணால் பார்த்து இறங்க வேண்டும். 1,600 அடி அளவில் எஃப்.எல்.சி.எச். தேர்ந்தெடுக்கப்பட்டது. முன்பே வைத்திருந்த உயரம் 3,000 அடி என்பதால் விமானம் ஏறப் பார்த்தது. பைலட் ஆட்டோபைலட்டைத் துண்டித்து, இன்ஜின் விசையைக் கூட்டிக் குறைக்கும் த்ரஸ்ட் லீவரை ஐடிலுக்கு இழுத்தார். உடனே இன்ஜின் விசையைத் தானாகப் பார்த்துக்கொள்ளும் ஆட்டோ த்ராட்டில் 'ஹோல்டு' மோடுக்குப் போனது. அதாவது லீவர் எங்கே இருக்கிறதோ அங்கேயே இருக்கட்டும், நான் தொடமாட்டேன் என்ற நிலை. வேகத்தை இயந்திரம் பார்த்துக்கொள்ளும் என்று பைலட் நம்பினார். 137 நாட் இருக்க வேண்டியது 103 வரை போனது. வால் பகுதி கடல் சுவரில் மோதியது. 3 பேர் இறந்தார்கள்.

இரண்டுக்கும் 23 ஆண்டு இடைவெளி, தயாரித்த நிறுவனங்களும் வேறு. ஆனால் ஒரு சுவிட்ச் இரண்டிலும் ஒரே மாதிரி கிடந்தது. ஃபிளைட் டைரக்டர் என்பது மூக்கை எங்கே வைக்க வேண்டும் என்று திரையில் கோடு காட்டும் கருவி. இரண்டு பைலட்டுக்கும் தனித்தனி சுவிட்ச். ஆட்டோபைலட் இல்லாமல் ஓட்டும்போது இரண்டையும் அணைத்தால், இரு விமானங்களிலுமே இன்ஜின் ஸ்பீடு மோடுக்குத் திரும்பி வேகத்தைப் பிடித்திருக்கும். பெங்களூரிலும் சான்பிரான்சிஸ்கோவிலும் ஒருவருடையது அணைந்திருந்தது, மற்றவருடையது எரிந்துகொண்டிருந்தது. ஒன்று எரிந்தாலும் பழைய மோடு அப்படியே உயிரோடு இருக்கும். அணைப்பதென்றால் இரண்டையும் சேர்த்தே அணைக்க வேண்டும் என்பதைப் பயிற்சியில் எத்தனை முறை சொன்னாலும் தகும்.

கேள்வி (கூடலூர் வாசகர்): ஒரே குமிழ் இரண்டு வேலை செய்யும் என்று படித்தேன். குழப்பம் வராதா?

பதில்: வந்திருக்கிறது. ஏர்பஸ் 320-ல் ஒரே குமிழில் இறங்கும் வேகத்தையும் வைக்கலாம், இறங்கும் கோணத்தையும் வைக்கலாம். எது என்பதைத் தனி பட்டன் தீர்மானிக்கும். 1992 ஜனவரி 20 அன்று பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பூர்க் அருகே மலையில் மோதிய விமானத்தில் 87 பேர் இறந்தார்கள், 9 பேர் பிழைத்தார்கள். தேவைப்பட்டது 3.3 டிகிரி, அதாவது நிமிடத்துக்கு ஏறக்குறைய 800 அடி. விமானம் இறங்கியதோ 3,300 அடி வீதம். கோணம் என்று நினைத்து வேக மோடில் வைத்திருக்கலாம் என்பது விசாரணையில் முக்கியமாகச் சொல்லப்பட்ட காரணம். அந்தக் காலத்துத் திரையில் 3,300 என்பது வெறும் 33 என்றுதான் தெரியும். பிறகு நான்கு இலக்கமும் தெரியும்படி மாற்றினார்கள்.

கேள்வி (அரவங்காடு வாசகர்): கோவை நிலையத்துக்கு மேற்கேயும் வடமேற்கேயும் மலைகள். ஆட்டோபைலட்டுக்கு மலை இருப்பது தெரியுமா?

பதில்: தெரியாது. வெர்டிகல் ஸ்பீடில் இறங்கச் சொன்னால், வைத்த உயரம் வரும்வரை இறங்கும். நடுவில் என்ன இருக்கிறது என்று கேட்காது. தொட்டபெட்டா 2,637 மீட்டர், அதாவது 8,650 அடி. கோவை நிலையத்திலிருந்து நேர்கோட்டில் ஏறக்குறைய 50 கி.மீ.தான். நிலையமோ 1,300 அடி உயரத்தில். அதனால் உயரக் குமிழில் எந்த எண் வைக்கலாம் என்பதை வரைபடத்திலுள்ள குறைந்தபட்சப் பாதுகாப்பு உயரமும் ஏ.டி.சி.யும்தான் தீர்மானிக்க வேண்டும். மலையை அறிந்த கருவி தனியாக இருக்கிறது, இ.ஜி.பி.டபிள்யூ.எஸ். என்று பெயர். உலகின் நிலமேட்டு விவரம் அதில் பதிந்திருக்கும். மோத ஏறக்குறைய 60 விநாடி இருக்கும்போது எச்சரிக்கும், 30 விநாடியில் 'புல் அப்' என்று கத்தும். ஆனால் அது கத்தினால் பைலட்தான் ஆட்டோபைலட்டைத் துண்டித்து மூக்கைத் தூக்க வேண்டும். ஸ்ட்ராஸ்பூர்க் விமானத்தில் தரை நெருங்குவதை எச்சரிக்கும் கருவியே இல்லை.

கேள்வி (வெலிங்டன், பைலட் பயிற்சி மாணவர்): கிளைடு ஸ்லோப்பை எப்போதும் கீழிருந்துதான் பிடிக்க வேண்டும் என்கிறார்கள். மேலே மாட்டிக்கொண்டால் என்ன செய்வது?

பதில்: முதலில் ஏன் கீழிருந்து என்பது. கிளைடு ஸ்லோப் ஆன்டெனா 3 டிகிரியில் மட்டும் அலையை அனுப்புவதில்லை. 9 டிகிரி அளவில் ஒரு பொய்ச் சரிவும் உருவாகிறது. மேலிருந்து வந்தால் அதில் சிக்கலாம், ஆட்டோபைலட்டுக்கு இரண்டும் ஒன்றுதான். அதனால் தூரத்தை வைத்து உயரத்தைச் சரிபார்க்க வேண்டும்: 3 டிகிரியில் ஒரு கடல் மைலுக்கு 318 அடி. ஓடுபாதைக்கு 5 மைல் இருக்கும்போது தரையிலிருந்து 1,600 அடி. கோவையில் ஓடுபாதையின் 1,300 அடியைக் கூட்டினால் உயரமானி 2,900 காட்ட வேண்டும். 5,000 காட்டும்போது 'ஜி/எஸ்' பச்சையானால் நம்பாதீர்கள்.

ஏர்பஸ் 320-ல் மேலிருந்து பிடிக்கும் முறை இது. லோக் பச்சையாகியிருக்க வேண்டும், ஜி/எஸ் நீலத்தில் இருக்க வேண்டும். உயரக் குமிழில் இப்போதைய உயரத்தைவிட அதிகமான எண்ணை வையுங்கள்; இல்லாவிட்டால் நடுவில் அந்த உயரத்தைப் பிடித்துக்கொண்டு விமானம் சமநிலைக்கு வந்துவிடும். பிறகு வெர்டிகல் ஸ்பீடில் நிமிடத்துக்கு 1,500 அடி இறக்கம் வையுங்கள். இறங்கும்போது வேகம் ஏறும். சக்கரத்தை முன்கூட்டியே இறக்குவது அதற்குத்தான் உதவும். ஜி/எஸ் நட்சத்திரத்தோடு பச்சையாகும்வரை கண்ணை எஃப்.எம்.ஏ.விலிருந்து எடுக்காதீர்கள். தரையிலிருந்து 1,000 அடி உயரத்துக்கு வருவதற்குள் வேகம், சரிவு, இன்ஜின் விசை மூன்றும் நிலைக்காவிட்டால் கோ-அரவுண்ட், அதாவது தரையிறங்காமல் திரும்ப மேலே ஏறிவிட வேண்டும்.

மேலிருந்து பிடிப்பதில் இன்னொரு மறைவான ஆபத்து உண்டு. 2009 பிப்ரவரி 25 அன்று ஆம்ஸ்டர்டாமில் இறங்க வந்த துருக்கி விமானம், போயிங் 737-800. தரையிலிருந்து உயரத்தை ரேடியோ அலையால் அளக்கும் அதன் இடது ரேடியோ உயரமானி பழுதாகி, 1,950 அடி உயரத்திலேயே மைனஸ் 8 அடி என்று காட்டியது. தரை வந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டு ஆட்டோ த்ராட்டில் ஐடிலுக்குப் போனது. எஃப்.எம்.ஏ.வில் 'ரிடார்டு' (விசையைக் குறை) என்று எழுதியும் இருந்தது. ஆனால் அவர்கள் மேலிருந்து சரிவைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அந்த நேரத்தில் இன்ஜின் ஐடிலில் இருப்பது இயல்பு. தவறான மோடு சரியான மோடு மாதிரியே தோன்றியது. 9 பேர் இறந்தார்கள். ஐடில் இயல்பாகத் தோன்றும் இடத்தில்தான் எஃப்.எம்.ஏ.வின் முதல் பத்தியை இரண்டாம் முறை படிக்க வேண்டும்.

கேள்வி (ஊட்டி வாசகி): பனிமூட்டத்தில் ஓடுபாதை தெரியாவிட்டால் திரும்ப மேலே போய்விடுவார்களாமே. அதையும் ஆட்டோபைலட்டே செய்யுமா?

பதில்: செய்யும், சரியாகக் கேட்டால். ஏர்பஸ்ஸில் த்ரஸ்ட் லீவருக்குப் பள்ளம் பள்ளமாக நிலைகள் உண்டு: ஐடில், கிளைம்ப் (ஏறும் விசை), எம்.சி.டி. (தொடர்ந்து தரக்கூடிய அதிகபட்ச விசை), கடைசியில் டோகா (முழு விசை). லீவரை டோகா வரை முழுக்கத் தள்ளினால்தான் கோ-அரவுண்ட் மோடு பிறக்கும். ஒரு பள்ளம் முன்னாலேயே நின்றுவிட்டால் இன்ஜின் உறுமும், விசை கூடும், எல்லாம் நடப்பது போலவே இருக்கும். ஆனால் மேல்-கீழ் பத்தியில் பழைய மோடே பச்சையில் நிற்கும். விமானம் கூடுதல் விசையோடு தரையை நோக்கியே போகும்.

2007 ஜூலை 21 அன்று மெல்போர்னில் மூடுபனியில் ஓர் ஏர்பஸ் 320-க்கு இதுவே நடந்தது. தரைக்கு 38 அடி வரை இறங்கி, பிறகு ஏறித் தப்பியது. விசாரணையில் தெரிந்த ஒரு விஷயம் கவனிக்கத்தக்கது: கோ-அரவுண்ட் தொடங்கியதும் எஃப்.எம்.ஏ.வைப் படிக்க வேண்டும் என்ற படியை, அந்த நிறுவனம் தன் நடைமுறையில் பின்னுக்குத் தள்ளி வைத்திருந்தது. லீவரைத் தள்ளிய கையோடு வர வேண்டிய படி அது. சரியான வரிசையில் லீவரை முழுக்கத் தள்ளியதும், ஓட்டுபவர் பட்டையில் இருப்பதை உரக்கப் படிப்பார்: 'மேன் டோகா, எஸ்.ஆர்.எஸ்., கோ-அரவுண்ட் ட்ராக்' (முழு விசை, வேகத்தைப் பிடித்தபடி ஏறுதல், கோ-அரவுண்டுக்கான திசை). மற்றவர் தன் திரையில் அதையே பார்த்து ஒப்புக்கொள்வார். இந்த மூன்றும் இல்லையென்றால் லீவரை மறுபடி தள்ள வேண்டும், காத்திருந்து பார்க்கக் கூடாது.

போயிங்கில் லீவரிலேயே ஒரு டோகா பட்டன் இருக்கும். சக்கரம் தரையைத் தொட்டபின் அது வேலை செய்யாது. 2016 ஆகஸ்ட் 3 அன்று துபாயில் தரையைத் தொட்டுவிட்டு மேலே எழும்பிய 777-ல் பட்டனை அழுத்தியும் இன்ஜின் ஐடிலிலேயே இருந்தது. விமானத்திலிருந்த 300 பேரும் தப்பினார்கள்; தீயணைப்பு வீரர் ஒருவர் உயிரிழந்தார். பட்டனை அழுத்திய கை, லீவர் முன்னே நகர்கிறதா என்று அதன் மேலேயே இருக்க வேண்டும். நகராவிட்டால் கையாலேயே தள்ளிவிட வேண்டும்.

கேள்வி (மஞ்சூர் வாசகர்): இவ்வளவு தொல்லை எதற்கு? ஆட்டோபைலட்டை அணைத்துவிட்டுக் கையாலேயே இறக்கினால் மோடு குழப்பமே வராதே?

பதில்: பெரும்பாலான தரையிறக்கங்கள் கடைசியில் கையாலேயே நடக்கின்றன. ஆனால் ஆட்டோபைலட்டை மட்டும் அணைத்தால் மோடு போய்விடாது. சான்பிரான்சிஸ்கோவில் ஆட்டோபைலட் அணைந்துதான் இருந்தது. சிக்கல் இன்ஜின் பக்கத்தில் இருந்தது. பாதி கையாலும் பாதி இயந்திரத்தாலும் ஓட்டும் நேரத்தில்தான் எது யாருடைய பொறுப்பு என்பது மிக எளிதாக மங்கிப்போகிறது.

எஃப்.எம்.ஏ.வில் இருப்பது புரியவில்லை என்றால், கணினியில் எண்களைத் தட்டிச் சரிசெய்யப் பார்ப்பது தரைக்கு அருகில் தப்பான வழி. இரண்டு தலைகளும் கீழே குனிந்துவிடும். ஒரு படி இறங்கி, திசையையும் இறங்கும் வீதத்தையும் குமிழிலேயே நேரடியாக வைக்கலாம். அதுவும் புரியவில்லை என்றால் முழுக்கக் கைக்கு எடுத்துக்கொள்ளலாம்: ஆட்டோபைலட், இரண்டு ஃபிளைட் டைரக்டர், பிறகு ஆட்டோ த்ரஸ்ட் (ஆட்டோ த்ராட்டிலுக்கு ஏர்பஸ் வைத்த பெயர்) என்று வரிசையாக அணைக்க வேண்டும். கடைசியாகச் சொன்னதில் ஏர்பஸ் பைலட்டுகள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பறக்கும்போது லீவர் கிளைம்ப் பள்ளத்தில் இருக்கும், இன்ஜினோ அதைவிடக் குறைந்த விசையில் ஓடிக்கொண்டிருக்கும். அப்படியே துண்டிப்புப் பட்டனை அழுத்தினால் விசை சட்டென்று கிளைம்ப் அளவுக்குத் தாவும். முதலில் லீவரைப் பின்னுக்கு இழுத்து, இன்ஜின் அளவியில் லீவரின் நிலையைக் காட்டும் சின்ன வட்டத்தை இப்போதைய விசையோடு பொருத்த வேண்டும். பொருந்தியபின் பட்டனை அழுத்தினால் விமானம் அசையாது.